கிணறு இருந்த இடம்

அக்காவுக்கு எழுபத்தாறு வயது. போன மாதம் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவளுடைய மகளை வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அந்த மகள் பதினோரு வயதில் மஞ்சள் காமாலையில் இறந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

வெளியூர்க்காரர்கள் படித்தால் அக்காவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கக்கூடும். அப்படி ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் இறந்த பெண் அந்தக் குடும்பத்தின் பூவாடைக்காரி. வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளை அழைக்க வேண்டும். அவள் குளித்து விளையாடிய கிணற்றிலோ குளத்திலோ ஒரு குடம் தண்ணீர் முகந்து, குடத்தின் கழுத்தில் பூச்சுற்றி, பேர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். புதுப் பாவாடை, வளையல், அவளுக்குப் பிடித்த பண்டம் எல்லாம் வைத்துப் படைப்பார்கள். குடத்தைத் தூக்க வேண்டியவன் தாய்மாமன். அவள் வந்திருந்தால் குடம் கனக்குமாம், தூக்கியவனுக்குத் தெரியுமாம். அந்தத் தாய்மாமன் நான்.

அக்கா வாழ்க்கைப்பட்டுப் போன ஊர் விழுப்புரத்துக்குத் தெற்கே, பண்ருட்டியைத் தாண்டி, செம்மண்ணும் முந்திரியுமாக இருந்தது. அடியில் பழுப்பு நிலக்கரி இருந்ததுதான் ஊர்க்காரர்கள் செய்த குற்றம். ஊரை எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தபோது நான் திண்டிவனத்தில் வருவாய்த் துறையில் இருந்தேன். நிலமெடுப்புப் பிரிவில் இரண்டு வருடம் குப்பை கொட்டியிருந்தேன். அதனால் அக்காவின் புருஷன் என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்தார்.

"மச்சான், நோட்டீஸ் ஒட்டிட்டுப் போய்ட்டானுங்க. பொண்ண இப்பவே அழைச்சிகினு வந்துடலாமா, இன்னும் டைம் இருக்குதா?"

நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சட்டம் சொன்னேன். முதலில் அறிவிக்கை, பிறகு ஆட்சேபணை விசாரணை, பிறகு விளம்புகை, பிறகு தீர்வாணை. அதற்கும் பிறகு பதினைந்து நாள் அவகாசம் கொடுக்காமல் எவனும் நிலத்தில் கால் வைக்க முடியாது. "ஆற அமர வளர்பிறை வெள்ளிக்கிழமையாப் பாத்து அழைங்க மாமா" என்றேன். அவர் நிம்மதியாக ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

அரசிதழில் அவசரப் பிரிவு என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரி இருந்தால் நான் சொன்ன விசாரணையும் கிடையாது, காத்திருப்பதும் கிடையாது. அது எனக்குத் தெரியாத சட்டம் அல்ல. அந்த ஊருக்கான அறிவிக்கையை நான் வாங்கிப் படிக்கவில்லை, அவ்வளவுதான். படிக்காமலே சொன்னேன். பாடமாகத் தெரிந்தவர்கள் செய்கிற தவறு இது. தெரியாதவனாக இருந்தால் யாரையாவது கேட்டிருப்பான்.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை காலையில் இயந்திரங்கள் வந்துவிட்டன. கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையைத் துணி வைத்து இறக்கி, அதை மடியில் வைத்துக்கொண்டு அக்கா லாரியில் ஏறினாளாம். கிணற்றுப் பக்கம் போக முடியவில்லை. வந்து சேர்ந்தது கெடாருக்குப் பக்கத்தில், மாமாவின் பங்காளிகள் இருந்த இடத்தில். பெண் கிணற்றிலேயே இருந்துவிட்டாள்.

பிறகு வீட்டில் இரண்டு கல்யாணம் நடந்தது. இரண்டு முறையும் கெடார் ஏரியில் குடம் முகந்தோம். முதல் தடவை நான் குடத்தைத் தூக்கியதும் அக்கா கேட்டாள்: "கனக்குதாடா தம்பி?"

"தண்ணி இன்னா கனமோ அவ்ளோதான்க்கா" என்றேன்.

அளந்து பார்த்து உண்மையைச் சொன்ன பெருமை எனக்கு. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் தடவையும் கேட்டாள், நானும் அதையேதான் சொன்னேன். அவள் ஒருநாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன், சட்டப் பிரிவு எண்ணோடு. மாமாவும் சொல்லாமலே செத்துப்போனார்.

இப்போது பேத்திக்குக் கல்யாணம். அக்கா போனில் கூப்பிட்டாள். "அது அங்கியே உக்காந்துகினு இருக்குதுடா. நாம வூடு மாத்தனது அதுக்கு யாரு சொன்னது? இந்த ஏரிய அது பாத்ததே இல்ல. எனக்கு மூட்டு போச்சி, கண்ணு போச்சி, அடுத்த கல்யாணத்துக்கு நான் இருக்க மாட்டேன். என்ன ஒருவாட்டி அங்க இட்டுகினு போ."

"அங்க கிணறு இல்லக்கா."

"எடம் இருக்கும்ல?"

இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் குழியில் கரி தீர்ந்துபோய் வருடங்களாகின்றன. ஊரையும் கரியையும் எடுத்த பிறகு மீந்த பள்ளத்தில் மழைத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் நிரம்பின. நிரம்பியதை ஏரி என்றும், தோண்டிப்போட்ட மண்மேட்டைக் குன்று என்றும் பேர் மாற்றிப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். வகைப்பாடு மாற்றம் என்பது எங்கள் துறையில் எளிதான வேலைதான்.

விழுப்புரம் பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்தபோது அவள் கையில் ஒரு பெரிய துணிப்பை. உள்ளே பித்தளைக் குடம், பச்சைப் பாவாடைத் துணி, ஒரு டஜன் வளையல், ஈரத்துணியில் சுற்றிய மல்லிகை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை அவித்தது.

"மல்லாட்டைன்னா உயிர வுடும்டா அது" என்றாள். எனக்கு அது நினைவில் இல்லை. பிள்ளையின் பரீட்சை மதிப்பெண்கள் நினைவிருந்தன.

நான் ஒரு கோப்பு கொண்டுபோனேன். கிராம வரைபடத்தின் நகல், அக்கா வீட்டு நிலத்தின் புலப்படம், ஓர் அளவுகோல். மூன்று எல்லைக் கல் கிடைத்தால் எந்தப் புலத்தையும் கண்டுபிடித்துவிடலாம் என்று எத்தனையோ பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

பூங்கா வாசலில் ஓய்வுபெற்ற சுரங்க இயந்திரம் ஒன்றின் ராட்சத வாளியை மஞ்சள் வண்ணம் அடித்து நிறுத்தியிருந்தார்கள். அதற்குள் ஒரு குடும்பம் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. இப்படி ஒரு வாளிதான் அக்காவின் மாட்டுக்கொட்டகையை அள்ளியிருக்கும். அக்காவுக்குக் கண் மங்கல் என்பதால் அதைத் தேர் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் திருத்தவில்லை. குட்டி ரயில், கூண்டில் நாலு மான்கள், பறவைகளின் படம் போட்ட பலகை, சறுக்குமரம். எல்லாம் துப்புரவாகத்தான் இருந்தது. மேட்டின் மேல் கம்பி கட்டிய காட்சி முனையிலிருந்து பார்த்தால், கீழே படிப்படியாக இறங்கும் செம்மண் கரை, அதற்கும் கீழே பச்சைத் தண்ணீர். அழகாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை, வருத்தம் உண்டு.

வரைபடத்தை விரித்தேன். எல்லைக் கல் ஒன்றுகூட இல்லை. கல் நட்ட தரையே இல்லையே. தூரத்தில் பழைய ரயில் பாதை மட்டும் வரைபடத்தில் இருந்தபடியே போனது. அதிலிருந்து அளவுகோல் வைத்துக் கணக்குப் போட்டேன். கிணறு இருந்த இடம் ஏரியின் நடுவுக்குக் கொஞ்சம் கிழக்கே வந்தது. இன்னொன்றும் கணக்கில் வந்தது. ஏரியின் நீர்மட்டம் பழைய தரையைவிட வெகு ஆழத்தில் இருக்கிறது. அந்த நாற்பதடிக் கிணற்றின் அடி மட்டம்கூட இப்போது தண்ணீருக்கு மேலே, வெறும் காற்றில். இதை அக்காவிடம் சொல்லவில்லை.

"எங்கடா?"

"அதோ, தண்ணி நடுவுல."

"அப்ப போட்ல போவணும்" என்றாள், தினமும் படகேறிப் பழகியவள்போல.

படகுத் துறையில் சீட்டு கிழிக்கிற பெண் ஐம்பது வயதைத் தொட்டவள். துணிப்பையை எட்டிப் பார்த்தாள். "இன்னா சார் கொடம்லாம்? பூஜை கீஜை நாட் அலவ்டு சார். போர்டு பாக்கல?"

நான் பலகையைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். "உணவுப் பொருள், மது, செல்லப்பிராணிகள்தான் தடை. குடம்னு இல்ல. அப்படித் தடைன்னா யார் உத்தரவுன்னு சொல்லுங்க, மனு எழுதித் தர்றேன்" என்று பேனாவை எடுத்தேன்.

"மனு குடுத்தா தோட்டப் பிரிவுக்குப் போவும், அங்கேர்ந்து பாதுகாப்புக்குப் போவும், அடுத்த பொங்கலுக்குப் பதில் வரும். பரவால்லையா?" என்று அவள் சிரித்தாள். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. நானும் அப்படித்தான் மனுக்களை அனுப்பியிருக்கிறேன்.

அக்கா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போனாள். "ம்மா, என் பொண்ணு இங்க கீதும்மா. அழைச்சிகினு போவ வந்தேன். அவன் இன்னாத்தையோ பேசிகினு கெடக்கறான், நீ வுடு."

அந்தப் பெண் சிரிப்பை நிறுத்தினாள். "எந்த ஊருங்க நீங்க?"

அக்கா ஊர்ப் பேரைச் சொன்னாள். நாற்பது வருடமாக எந்தப் பஸ்ஸிலும் எழுதப்படாத பேர். அந்தப் பெண் இரண்டு சீட்டைக் கிழித்து அக்காவின் கையில் கொடுத்தாள். பிறகு, "எங்க மாமியாருக்குப் பக்கத்தூரு" என்றாள். "கொடத்தப் பைக்குள்ளயே வெச்சி எடுத்துகினு போங்கம்மா. கற்பூரம் மட்டும் கொளுத்திடாதீங்க, போட்டு ஃபைபரு, பத்திக்கும். ஜல்தியா வந்துடுங்க."

அப்படியாக, எழுபத்தாறு வயது அக்காவும் அறுபத்தொன்பது வயது நானும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, அன்னப்பறவை வடிவத்தில் செய்த மிதிபடகில் ஏறினோம். அக்காவுக்கு மிதிகட்டை எட்டவில்லை. நான் ஒருவனே மிதித்தேன். பக்கத்துப் படகிலிருந்து ஒரு இளைஞன், "தாத்தா, ஹனிமூனா?" என்று கத்தினான். "எங்கக்காடா அது" என்று நான் கத்தினேன். அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. அக்கா ஒன்றையும் கவனிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயில் பாதையை ஒரு பக்கமும் காட்சி முனையை ஒரு பக்கமும் வைத்துக் குத்துமதிப்பாக நிறுத்தினேன்.

"இங்கியா?"

"இங்கதான்."

அக்கா குடத்துக்குப் பூச்சுற்றினாள். மல்லாட்டையை ஒவ்வொன்றாக உரித்துத் தண்ணீரில் போட்டாள். அப்புறம் கூப்பிட்டாள். நான் ஒப்பாரியை எதிர்பார்த்திருந்தேன். அப்படி இல்லை. தெருக்கோடியில் விளையாடுகிற பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற மாதிரி, கொஞ்சம் கோபமாக.

"ஏய், வெளையாண்டது போதும் வா. நேரம் ஆவுது. அம்மா வந்து எம்மா நேரமா நிக்கிறேன். உன் அண்ணன் பொண்ணுக்குக் கண்ணாலம்டி. அன்னிக்கு உன்ன வுட்டுட்டுப் போய்ட்டேன்னு கோவமா? சொல்லாம போவல கண்ணு. சொல்றதுக்குள்ள ஏத்திட்டாங்க."

குடத்தைச் சாய்த்து முகந்து என் கையில் கொடுத்தாள். நான் வாங்கினேன். தண்ணீரின் கனம்தான் இருந்தது. இந்த முறை பொய் சொல்வது என்று திண்டிவனத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே தீர்மானித்து வந்திருந்தேன். கனக்குதுக்கா, ரொம்பக் கனக்குது. சொல்லக் காத்திருந்தேன்.

அக்கா கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று எப்போது முடிவு செய்தாளோ தெரியாது. "திருப்புடா" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், மடியில் குடம், குடத்தின் வாயில் ஈரத்துணி கட்டியிருந்தது. பிள்ளை புதிதாகப் பார்க்கிற வழி இது, நின்றுவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஆறு குறுக்கிட்டால் கட்டாயம் சொல்ல வேண்டும், கூப்பிடாவிட்டால் அக்கரையிலேயே நின்றுவிடுமாம். அக்கா சொல்லிக்கொண்டே வந்தாள். "பண்ருட்டி வரப்போவுதுடி. பலா வாசன வருது பாரு." "இது கெடிலம் பாலம், தாண்டுறோம், கையப் புடிச்சிக்கோ." முன் சீட்டுக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குடத்தைப் பார்த்ததும் மரியாதையாகத் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சத்தம் குறைந்தது. பார்த்தால் அக்கா தூங்கிவிட்டிருந்தாள், இரண்டு கையாலும் குடத்தை அணைத்தபடி. விடிவதற்கு முன் எழுந்து கிளம்பியவள். எழுப்பலாம் என்று கையைத் தொட்டேன். லேசாகக் குறட்டை விட்டாள், எழவில்லை. பஸ் தென்பெண்ணையை நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது. ஆனால் பாலம் வந்துகொண்டிருந்தது. கண்டக்டர் பக்கத்தில் நின்றிருந்தார். ஒருமுறை சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லாமல் ஒரு குழந்தையை நாற்பது வருடம் காத்திருக்க வைத்தவன் நான். நான் குனிந்து, குடத்தின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். ஏரித் தண்ணீரும் மல்லிகையும் கலந்த வாசனை.

"மாமன்டா கண்ணு" என்றேன். "அம்மா தூங்கிட்டா. இது தென்பெண்ணை. பாலம் நீளமா இருக்கும், பயப்படாத. அன்னிக்கு நான்தான் டைம் இருக்குதுன்னு சொன்னேன். உங்கம்மா சொல்லல. நான்தான். நீ வா."

"இன்னா சார், யாருகிட்ட பேசிகினு வர்றீங்க?" என்றார் கண்டக்டர்.

பதில் சொல்ல நேரமில்லை. பாலம் இன்னும் முடியவில்லை. நான் மறுபடியும் குனிந்து, "தாண்டுறோம், வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.