நுரை எழும்பாத சனிக்கிழமைகள்

டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் செல்வரட்ணத்தைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக மெசின் திருத்துகிறவர். மெசினோடு நிறுத்தினால் பரவாயில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் மைக்கில் பிழை பிடிப்பார். கோயிலுக்குப் போனால் மணி தொங்குகிற கொக்கியில் பிழை பிடிப்பார். வீட்டில் மனைவி ஞானேஸ்வரி முருங்கைக்காய் நறுக்கினால், துண்டுகள் ஒரே நீளமில்லை என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஐம்பத்தொன்பதாவது வயதில் கடல்மீன் வளர்க்கிற ஆசை வந்தது. முந்நூறு லீற்றர் கண்ணாடித் தொட்டியொன்று வரவேற்பறை மூலையில் வந்து குந்திக்கொண்டது. உப்புக் கரைத்தார், கல் அடுக்கினார். முதலில் சூடாக்கி வேலைநிறுத்தம் செய்தது. வயரைக் கழற்றிப் பூட்டி வழிக்குக் கொண்டுவந்தார். பிறகு பம்பு உறுமியது. பிரித்து உள்ளே சிக்கியிருந்த சிப்பித் துண்டை எடுத்தார். மூன்றாவதாகக் கழுத்தறுத்தது நுரைக் கருவி. தண்ணீருக்குள் காற்றை ஊதி, அழுக்கை நுரையாக்கி, மேலே ஒரு கிண்ணத்தில் சேர்க்கிற சாமான் அது. கிழமை முழுக்கப் பால் பொங்குவதுபோல நுரை தள்ளும். சனிக்கிழமை வந்தால் பொத்தென்று படுத்துவிடும். திங்களன்றுதான் மெல்ல எழும்பும். கடைக்கார டேனிஷ்காரரோ கண்டிப்பானவர். இரண்டு கிழமை இடைவிடாமல் நுரை வந்தால்தான் மீன் என்று சொல்லிவிட்டார்.

"வீட்டில் எங்கேயாவது எண்ணெய் படுகிறதா? எண்ணெய் பட்டால் நுரை செத்துவிடும்" என்று கடைக்காரர் தொலைபேசியில் கேட்டார். எண்ணெய் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், செல்வரட்ணம் குசினிப் பக்கம் திரும்பினார். ஞானேஸ்வரி உளுந்து வடை சுடுவதும் சனிக்கிழமைதான்.

"இஞ்சேரும், இனி உந்தப் பொரியல் எல்லாத்தையும் கராஜுக்கை வைச்சுக்கொள்ளும்."

"பெப்ரவரிக் குளிருக்கையோ?"

"ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நில்லும்."

அவள் சண்டைக்கு வரவில்லை. மின்னடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அது அவருக்குப் பெரிய வெற்றியாகப் பட்டது. கோயிலில் கண்டவர் நின்றவர் எல்லோரிடமும், "என்ரை மெசினை விழுத்தினது மனிசியின்ரை வடை" என்று சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அடுத்த சனியும் நுரை படுத்தது. கராஜ் கதவு இடுக்கால் புகை வருகிறது என்று ஒட்டுநாடா ஒட்டினார். அதற்கடுத்த சனி, அவளுடைய ஜக்கெற்றில் எண்ணெய் வாசம் என்று அதையும் கராஜிலேயே தொங்கவிடச் சொன்னார். மூன்றாவது சனியும் அதே கதை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சனிக்கிழமை அவருக்கு எண்ணெய் முழுக்கு நாளும்கூட. தலையில் மயிர் எண்ணினால் அறுபது தேறாது. ஆனாலும் நல்லெண்ணெயை உச்சியிலிருந்து முழங்கைவரை வழிய வழியத் தேய்த்து, அரைமணி நேரம் வெயிலில் ஊறவேண்டும். இந்த நாட்டில் மாசி மாதத்து வெயிலுக்கு எங்கே போவது? மீன்தொட்டி விளக்கின் கீழே போய் நிற்பார்.

நாலாவது சனியும் அப்படித்தான் நின்றார். நுரை அழகாக எழும்பிக்கொண்டிருந்தது. பம்பு கொஞ்சம் சரிந்திருப்பதாகப் பட்டது. அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? கையை விட்டு நிமிர்த்தினார். கையை எடுக்கவும் நுரை அவர் கண் முன்னாலேயே பொசுபொசுவென்று அமர்ந்தது. தண்ணீரின் மேலே எண்ணெய் வட்டமாக மினுங்கியது.

செல்வரட்ணம் தன் கையைப் பார்த்தார். வீட்டில் வேறு ஒருவருமில்லை. துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஜன்னலால் கராஜ் தெரிந்தது. கம்பளித் தொப்பியும் சிவந்த மூக்குமாக ஞானேஸ்வரி வடை தட்டிக்கொண்டிருந்தாள். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. மேலில் துவாயைச் சுற்றிக்கொண்டு அப்படியே கராஜுக்குப் போனார்.

"ஞானம், பிழை என்னிலைதான். என்ரை முழுக்கெண்ணெய்."

அவள் வடையைத் திருப்பிப் போட்டாள். "ஓம், தெரியும்."

"தெரியுமோ? எப்ப தொடக்கம்?"

"முதல் கிழமையே. புதன்கிழமை நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு குசினிக்கை அப்பளம் பொரிச்சுப் பாத்தனான். நுரை அசையேல்லை. நீங்கள் எண்ணெய்க் கையை விட்ட நாளிலைதான் விழுந்தது."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் அடுத்த வடையைத் தட்டிச் சட்டிக்குள் விட்டாள். அவர் குனிந்து அடுப்பின் வயரைக் கழற்றப் போனார். "வாரும், எல்லாத்தையும் குசினிக்குக் கொண்டுபோவம்."

"அதை வையுங்கோ!" என்றாள் ஞானேஸ்வரி. "கலியாணம் கட்டி முப்பத்துமூண்டு வருசம். பக்கத்திலை ஆளில்லாமல், பிழை கேக்காமல் நான் சமைச்சது இந்த நாலு சனியுந்தான். குளிர் ஒண்டும் பெரிசில்லை. நீங்கள் போய் முழுகுங்கோ."

செல்வரட்ணம் எண்ணெய் வழிகிற தலையோடு வயரை விட்டு நிமிர்ந்தார். சட்டியில் வெந்துகொண்டிருந்த வடையொன்றின் ஓட்டை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.