பெட்டி கட்டியாச்சா?

எங்கள் ஏரிக்கரை ஊரின் பேஸ்பால் மைதானத்தில் பத்தொன்பது வருடங்களாகப் பார்வையாளர்களுக்கு இருக்கை காட்டி வந்தவள் வாண்டா க்ரூபா. அவள் பகுதிக்கு அடுத்த பகுதியில் எனக்கும் அதே வேலைதான். அந்த ஜூலையில் எங்கள் நட்சத்திரப் பந்துவீச்சாளன் டெவின் ஆஸ்ட்ராண்டரை நியூயார்க் அணிக்கு மாற்றிக் கொடுக்கப் போகிறார்கள் என்று வானொலிக்காரர்கள் தினமும் ஆரூடம் சொன்னார்கள். அதைக் கேட்டாலே வாண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு மதியம் டெவின் பந்து வீசிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கேமில், நிறைமாதக் கர்ப்பிணி, வாண்டாவின் பகுதியில் உட்கார்ந்திருந்தாள். பின்வரிசைக்காரன் ஒருவன் குனிந்து கேட்டான்.

"என்னம்மா, பெட்டி கட்டியாச்சா? பிள்ளை எந்த ஊர்ல பொறக்கப் போவுது?"

கேமில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வாண்டா அவன் முன்னால் போய் நின்றாள்.

"எந்திரிடா! மனுஷங்கள சந்தை மாடுன்னு நெனச்சியா?"

"நான் சீசன் டிக்கெட் வாங்கினவன்!"

"அத வெச்சு விசிறிக்கோ. வெளிய நட."

சட்டைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போய் விட்டாள். மறுநாள் மேலாளர் அந்த ஆளுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரும்படி அவளிடம் கேட்டார்.

"முதல்ல அவன் கேமில்கிட்ட மன்னிப்பு கேக்கட்டும் சார். அப்புறம் நான் எழுதுறேன்."

வேலை போயிற்று.

வீரர்களை வேறு அணிக்கு மாற்றுவதற்கான கெடு முடிந்தது. டெவின் எங்கும் போகவில்லை. ஆரூடக்காரர்கள் அடுத்த வீரனைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தொலைபேசியில் செய்தி சொன்னபோது வாண்டா சந்தோஷப்படவில்லை.

"ஒருத்தனாச்சும் அந்தப் பொண்ணுகிட்ட தப்பு பண்ணிட்டோம்னு சொன்னானா?" என்று கத்தினாள்.

இல்லை என்றேன். பட்டென்று போனை வைத்துவிட்டாள்.