நேர்த்திச் சேவலின் படம்

கரம்பொன் ஊர்ச் சில்வெஸ்ரர் அடுத்தவர் வளவில் விழுந்த தேங்காயைக்கூடத் தொட்டவரல்ல. அப்படிப்பட்ட மனிதர்தான் இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு பக்கத்து வீட்டுச் சேவலின் படத்தைக் களவெடுத்தார்.

சண்டை ஓய்ந்திருந்த காலம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் ஊரிலுள்ள தாய் தகப்பனுக்குக் கோழி வாங்கிக் கொடுக்கவென்று, பட்டினத்தில் கணினிக் கடை வைத்திருந்த மேரிசுகந்தி இணையத்தில் ஒரு பக்கம் திறந்திருந்தாள்.

"உங்கடை கோழியளையும் போடுவம் அண்ணை. நல்ல படம் ஒண்டு கொண்டாங்கோ" என்று சில்வெஸ்ரரிடம் சொன்னாள்.

நல்ல படத்துக்கு எங்கே போவது? மனிதரின் கோழிகள் அம்மை வந்து தப்பியவை. படம் பிடித்தால் கோழியோ கொக்கோ என்று கேட்பார்கள்.

அந்தக் கிழமைதான் பக்கத்து வீட்டு மேரிறோஸ் அக்கா, "இதை றஞ்சனிக்குப் போட்டுவிடும் தம்பி" என்று ஒரு கடிதம் தந்தார். சில்வெஸ்ரரிடம் தரும் கடிதத்தை அக்கா ஒருநாளும் ஒட்டியதில்லை, அவ்வளவு நம்பிக்கை. உள்ளே ஒரு சேவலின் படம். மகள் றஞ்சனி பாரிசில் பிள்ளைத்தாச்சி. முதல் இரண்டும் தங்கவில்லை. இதாவது சுகமாய்ப் பிறக்கட்டும் என்று தாய் அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது. செக்கச்செவேலென்று நின்றது. கடிதத்தைத் தபாலில் போடமுதல் சில்வெஸ்ரர் படத்தைக் கணினியில் ஏற்றுவித்தார். சேவலா குறையப்போகிறது, படம்தானே!

இரண்டு கிழமையில் முதல் ஓடர் வந்தது. மேரிசுகந்தி அச்செடுத்துத் தந்த தாளைச் சில்வெஸ்ரர் இரண்டுதரம் வாசித்தார்.

"படத்திலை நிக்கிற சேவல்தான் வேணும். கரம்பொன் மேரிறோசிட்டைக் குடுங்கோ. அம்மா கஷ்டத்திலைதான் வித்திருப்பா. நான் வாங்கினதெண்டு சொல்லாதேங்கோ, வெக்கப்படுவா. றஞ்சனி."

வேறொரு சேவலைக் கொடுத்துத் தப்பலாமா என்றுகூட மனிதர் யோசித்தார். சீ! வயிற்றுப் பிள்ளைக்கு வைத்த நேர்த்தியைத் தாய் விற்றுவிட்டாள் என்று ஒருத்தி அங்கே கிடந்து புழுங்குகிறாள், இவருக்கு யோசனை வேறு!

நேரே போய்த் தாளை நீட்டினார். நேர்த்திச் சேவல் மேரிறோஸ் அக்காவின் காலடியில் குறுணல் கொத்திக்கொண்டு நின்றது. வாசித்தவர் ஏசவில்லை.

"நான் வித்துப்போட்டன் எண்டு பிள்ளை நினைச்சிட்டாளோ?" என்று தலையில் கைவைத்து இருந்துவிட்டார்.

ஊர்காவற்றுறையில் தொலைபேசிக் கடைக்கு அக்காவைக் கூட்டிப்போய், சில்வெஸ்ரரே முதலில் பேசினார்.

"தங்கச்சி, சேவல் வீட்டிலைதான் நிக்குது. கொம்மா விக்கேல்லை. நான்தான் கேளாமல் படத்தை எடுத்துப் போட்டனான்."

அந்தப் பக்கம் ஒரு விம்மல். "அம்மாட்டைக் குடுங்கோ அண்ணை."

வாங்கியை அக்காவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். அன்றே பட்டினம் போய்ப் படத்தை இணையத்திலிருந்து எடுப்பித்தார்.

அடுத்த கிழமை மேரிறோஸ் அக்கா வழமைபோல வேலியடியில் நின்று கடிதம் தந்தார். முகத்தில் கோபம் இல்லை, சிரித்தபடிதான் தந்தார். உறை மட்டும் சோற்றுப்பசை போட்டு இறுக்கி ஒட்டியிருந்தது.