கன்வெர்ட்டருக்கு ஒரு கம்பிக் கூண்டு

தை பிறந்த முதல் வாரம் தேனியில் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டபத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் வேனை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். பாயசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைத் தவிர வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை. வெளியே வந்து சாவியைத் திருப்பினால்... அடேயப்பா! கரும்பு லாரி மேடேறுவது போல ஒரு சத்தம். வாசலில் நின்றிருந்த நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சத்தத்தோடே எங்கள் ஊர் பழனிசெட்டிபட்டிக்கு வந்து சேர்ந்தேன். தெருவில் எல்லா வீட்டு விளக்கும் எரிந்தது.

மறுநாள் மெக்கானிக் காஜாவிடம் போனேன். எங்கள் வேனுக்கு அவர்தான் குடும்ப டாக்டர். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தவர், சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"சார், கன்வெர்ட்டரை அறுத்துட்டுப் போயிட்டாய்ங்க."

"எதை?"

"சைலன்சருக்கு முன்னாடி குண்டா ஒரு டப்பா இருக்கும்ல சார், பொகையச் சுத்தம் பண்றது... அதத்தான். உள்ள பிளாட்டினம் கெடக்காம். மெட்ராஸ்ல பண்ணிக்கிட்டு இருந்தாய்ங்க. இப்ப நம்ம பக்கமும் வந்துட்டாய்ங்க போல."

பிளாட்டினம்! நான் என் மனைவி ராஜாத்திக்குக்கூட வாங்கிக் கொடுக்காத சாமான். இத்தனை வருஷமாக அதை வேனுக்கு அடியில் கட்டிக்கொண்டு சேற்றிலும் சகதியிலும் ஓட்டியிருக்கிறேன். வீட்டில் சொன்னபோது ராஜாத்தி கேட்டாள்: "நம்மகிட்ட இருக்குன்னு நமக்கே தெரியல. அவனுக்கு எப்படிங்க தெரிஞ்சுச்சு?"

நியாயமான கேள்விதான். பதில் தெரிந்தவன் மைதானத்திலிருந்தே போய்விட்டான்.

புதுசு ஒன்று வாங்கிப் போட்டாயிற்று. விலையைப் பற்றிப் பேச வேண்டாம் — மறுபடியும் வயிறு எரியும். இனி இதைக் காப்பாற்றுவது எப்படி? தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சுவரை ஒட்டி நிறுத்துங்கள் என்றார் ஒருவர். அலாரம் வையுங்கள் என்றார் இன்னொருவர். நாய் வளர்க்கச் சொன்னவர், தன் வீட்டு நாய் போட்ட குட்டிகளைத் தள்ளிவிட வழி பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கோ அவசரம். மகள் கவிதாவுக்கு ஏழாம் மாதம். சுருளிப்பட்டியில் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு அவளை அழைத்து வர வேண்டும். அதற்குள் இன்னொரு முறை அறுத்துவிட்டால்?

கடைசியில் கிரில் பட்டறைக்குப் போனேன். ஜன்னலுக்கும் கேட்டுக்கும் கிரில் போடுகிற பட்டறை அது. பட்டறைக்காரர் வழக்கம்போல டிசைன் ஆல்பத்தை நீட்டினார். மயில், தாமரை, உதிக்கிற சூரியன்...

"வேனுக்கு அடியில போடணும்ங்க" என்றேன்.

"அப்ப பிளெயினாவே போட்ருவோம். அங்கன யாரு பாக்கப் போறா?"

"திருடன் பார்ப்பானே!"

மனிதருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் வேலை சுத்தம். கன்வெர்ட்டரைச் சுற்றி, விரல் மட்டுமே நுழைகிற இடைவெளியில் கம்பிக் கூண்டு. போல்ட்டுகளின் தலையையும் சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டார். "இனி நானே நெனச்சாலும் கழட்ட முடியாது சார்" என்றார். கேட்கக் கேட்கக் குளிர்ந்தது எனக்கு. காஜாவும் குனிந்து பார்த்துவிட்டு, பிரமாதம் என்று தலையாட்டினார். அன்றிலிருந்து நிம்மதியான தூக்கம்.

போன வெள்ளிக்கிழமை வளைகாப்பு. நல்லபடியாக முடிந்தது. இரண்டு கையும் நிறைய வளையல், தலை நிறையப் பூ, அதைவிட நிறையத் தூக்கம் — கவிதா பின் ஸீட்டில் அம்மா தோளில் சாய்ந்துகொண்டாள். சம்பந்தி வீட்டார் ஏற்றிய தேங்காய் மூட்டை அவர்கள் காலடியில். மெதுவாக ஓட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தை மாதம் அல்லவா? கொள்ளு அறுப்பு. காட்டுப் பக்கம் வந்ததும் ரோடு முழுக்கக் காய்ந்த கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டி ஏறினால் பயறு தானாக உதிரும். நமக்கும் காசு செலவில்லை, அவர்களுக்கும் அடிக்கிற கூலி மிச்சம். சிலர் இதற்கு முகம் சுளிப்பார்கள். எனக்குப் பிடிக்கும். டயருக்கு அடியில் அது நொறுங்குகிற சத்தத்தைக் கேட்டால், நாமும் ஊருக்கு ஒரு வேலை செய்துவிட்ட திருப்தி. அன்றைக்கு அப்படி மூன்று நான்கு இடங்களில், முழங்காலளவு குவியலைக்கூட விடாமல் ஏற்றி இறக்கினேன்.

"எங்கயோ குப்பையக் கொளுத்துறாக போல" என்றாள் ராஜாத்தி. ஆமாம் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

அடுத்த குவியலில் ஏறியபோது ஓரத்தில் நின்ற ஒரு அம்மா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏ, ஐயா! அடியில பொகையுது! கொள்ளு மேல நிப்பாட்டாதீக! அங்கிட்டுப் போங்க, அங்கிட்டு!"

குவியலைத் தாண்டி நிறுத்தினேன். இறங்கிக் குனிந்து பார்த்தேன். கூண்டு முழுக்கக் கொள்ளுக்கொடி பின்னிக் கிடந்தது. வண்டி ஓடுகிறபோது கன்வெர்ட்டர் அடுப்பு மாதிரி கொதிக்கும். அதன்மேல் காய்ந்த செடியை அடைத்து, விழாமல் கம்பியும் கட்டியிருக்கிறேன்! புகை கறுத்தது. உள்ளே ஒரு சிவப்பு நாக்கு எட்டிப் பார்த்தது. கொஞ்சம் தள்ளித்தான் பெட்ரோல் டேங்க்.

"மொதல்ல பிள்ளத்தாச்சிய எறக்குங்கய்யா!" என்று கத்தினார் அந்த அம்மா.

தேங்காய் மூட்டையைத் தாண்டிக் கவிதாவால் சட்டென்று காலை எடுத்து வைக்க முடியவில்லை. ராஜாத்தி ஒரு பக்கம், அந்த அம்மா ஒரு பக்கம். வளையல் இரண்டு உடைந்தது. இறக்கிப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கொடியைப் பிடுங்கலாம் என்று கையை விட்டால்... கை எங்கே நுழைகிறது? திருடன் கை நுழையக் கூடாது என்று போட்ட கம்பியாயிற்றே! காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்து குச்சியால் குத்தினார்கள். மண்ணை வாரி இறைத்தார்கள். குடத்துத் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து ஓடியது. தீ மட்டும் உள்ளே பத்திரமாக இருந்தது.

பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் கொடிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர், முதுகில் டேங்க்கோடு அப்படியே ஓடிவந்தார். கையில் நீளக் குழாய். மல்லாக்கப் படுத்து, கம்பி இடைவெளியில் குழாய் முனையை விட்டுப் பீய்ச்சினார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்து. புஸ்ஸென்று ஒரு சத்தம். புகை வெளுத்து அடங்கியது. வேனின் வயிறும் நீலம், அவர் முகமும் நீலம்.

கையெடுத்துக் கும்பிட்டேன். "இருக்கட்டும் சார்" என்று கூச்சத்தோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மா கவிதாவுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். "பயந்துட்டியா ஆத்தா? ஒண்ணுமில்ல. பெறக்கப் போற பிள்ள நம்ம கொள்ளுக்காட்டப் பாத்துட்டுப் போகணும்னு நெனச்சிருக்கு" என்றார். கவிதா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காஜா இரும்பறுக்கிற கிரைண்டர் வைத்துக் கூண்டை அறுத்தார். "எனக்கும் தோணலையே சார்" என்று வருத்தப்பட்டார். இப்போது வேன் வாசலில் வெறும் வயிறோடு நிற்கிறது. உள்ளே கவிதா மாங்காய் ஊறுகாய் பாட்டிலைக் காலி செய்துகொண்டிருக்கிறாள். வீடு வீடாக இருக்கிறது.

நேற்று சாயங்காலம் சும்மா இருக்க மாட்டாமல் ராஜாத்தியிடம் கேட்டேன்: "கூண்டையும் எடுத்தாச்சு. திருடன் மறுபடி வந்தான்னா?"

மகளுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"வந்தா வரட்டும். அவனாச்சும் வண்டிக்குள்ள ஆள் இல்லாத நேரமாப் பாத்து வந்தான்."