மீன் தூளாகிப்போன கருப்பட்டி

1. சம்மந்தி கேட்ட கேள்வி

"எம்மா எஸ்தர், எஞ் சம்மந்தி என்ன கோழிப்பண்ணையா வச்சிருக்காரு?"

போனை எடுத்ததும் மீராசா காக்கா கேட்ட முதல் கேள்வி இது. நலம் விசாரிக்காமல் பேச்சைத் தொடங்குகிற மனிதர் அல்ல அவர். காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் 'காக்கா' என்பார்கள்; நம் வீட்டுப் பூனை வரைக்கும் சுகம் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அவர் நேராக விஷயத்துக்கு வந்தால் ஏதோ கேடு என்று அர்த்தம்.

காக்காவுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் வேலை. அடுத்தவர் சரக்கைக் கப்பலேற்றியே தலை நரைத்தவர், அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தன் சொந்தச் சரக்கை அனுப்பினார். ஒரு கன்டெய்னர் நிறைய உடன்குடி கருப்பட்டி. வாங்குகிறவர் துபாயில் கடை வைத்திருக்கும் அவருடைய சம்மந்தி. மகளுக்குக் கல்யாணம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "எங்க மாமா சரக்குக்கு நான் பொறுப்பு" என்று மருமகன் தன் வாப்பாவிடம் மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்த ஆர்டர் அது.

எங்கள் கம்பெனியின் சாஃப்ட்வேர் ஓடுவது கன்டெய்னர் யார்டில். லாரி யார்டை விட்டுக் கிளம்பும்போது கவுண்டரில் இருப்பவர் சரக்கு விவரத்தைத் தட்டி 'சேவ்' கொடுப்பார். லாரி எடைமேடையில் நிற்கும். எடை நிலைக்கும்வரை சர்வர் சில விநாடி காத்திருந்து, பிறகு கேட் பாஸை அச்சடிக்கும். கூடவே சரக்கை வாங்குகிறவருக்கு ஒரு மெசேஜும் போகும். அந்த மெசேஜ் என் ஐடியாதான். கஸ்டமருக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன்.

சம்மந்திக்குப் போன மெசேஜ் இது: "தங்கள் சரக்கு 'மீன் தூள்' யார்டிலிருந்து புறப்பட்டது."

மீன் தூள் கோழித் தீவனத்தில் கலப்பது. அதன் வாடை தெரிந்தவர்கள் அதைக் கருப்பட்டிக்குப் பக்கத்தில்கூட நிறுத்த மாட்டார்கள்.

"பாஸுலயும் மீன் தூளுன்னுதான் இருக்கு. ஹார்பர் கேட்டுல லாரியத் திருப்பி விட்டுட்டான். ஆறு மணிக்கு கேட்டை அடச்சிருவாவ, அதுக்குள்ள பொட்டி உள்ள போவலன்னா கப்பலு போயிரும். எம் மருமவன் அவுங்க வாப்பா மூஞ்சில எப்படி முழிப்பான், சொல்லு!"

அப்போது மதியச் சாப்பாடு முடிந்த நேரம்.

2. அண்ணாச்சியின் சிக்கனம்

எங்கள் முதலாளி ராஜகனி அண்ணாச்சி. ஏசி ரிமோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிவார். ஒரு பக்கம் அச்சடித்த தாளின் மறுபக்கம் வெள்ளையாக இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது. நல்ல மனிதர், நல்ல ப்ரோக்ராமரும்கூட. கம்பெனியின் முதல் சாஃப்ட்வேரை அவரே தனியாக உட்கார்ந்து எழுதினார். கேட் பாஸ் அதில் ஒரு பகுதி. மற்றதையெல்லாம் நாங்கள் மாற்றி எழுதியிருந்தோம். கேட் பாஸை மட்டும் ஒருவரும் தொட்டதில்லை. "அது ஓடுதுல்லா? ஓடுதத ஏன் நோண்டுதிய?" என்பார்.

நாங்கள் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க், விவரங்களையும் வேலைகளையும் ஏந்தும் பொட்டலங்களான ஆப்ஜெக்ட்டுகளைத் தானே உருவாக்கி, கோடின் எந்தப் பகுதிக்கு, அதாவது எந்த கிளாஸுக்கு, எது தேவையோ அதைக் கையில் கொடுத்துவிடும். இன்ஜெக்ட் பண்ணுவது என்பது அதைத்தான். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், சர்வர் எழும்பும்போது ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்றைச் செய்து, சர்வர் படுக்கும்வரை எல்லோருக்கும் அதையே கொடுக்கும். அதற்குப் பெயர் சிங்கிள்டன் ஸ்கோப். அண்ணாச்சிக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

கேட் பாஸ் கோடைத் திறந்து பார்த்தேன். பாஸ் அச்சடிக்கிற சர்வீஸ் ஒன்று, சிங்கிள்டன். அதில் தப்பில்லை. அதன் கையில் 'இப்போதைய சரக்கு' என்று இன்னொரு ஆப்ஜெக்ட். சரக்கின் பெயர், அளவு எல்லாம் அதற்குள்; உரிமையாளர் பெயரும் வாங்குகிறவரின் போன் நம்பரும் தனியே. அதுவும் சிங்கிள்டன்! ஊரிலுள்ள லாரிகளுக்கெல்லாம் சேர்த்து 'இப்போதைய சரக்கு' ஒன்றே ஒன்று.

"அண்ணாச்சி, இத்தனை வருஷம் இது எப்படி ஓடிச்சு?"

"ஏன் ஓடாது? ஒரு லாரி போனப் பொறவுதான அடுத்த லாரி வரும்?"

அவர் சொன்னது சரிதான். யார்டில் இத்தனை வருஷமும் ஒரே கவுண்டர்தான் இருந்தது. இரண்டாவது கவுண்டரைத் திறந்தது அந்த வாரம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் "நல்ல வெஷயம்" என்று சொல்லியிருப்போம்.

3. ஆலந்தலைப் பாட்டுக் குழு

என் ஊகத்தை நிரூபிக்காமல் அண்ணாச்சி கோடைத் தொட விடமாட்டார். ஒருவர் சேவ் கொடுத்து எடைக்காகக் காத்திருக்கும் அந்தச் சில விநாடிக்குள் இன்னொருவர் சேவ் கொடுக்க வேண்டும். நான் ஒரு கம்ப்யூட்டரிலும் அண்ணாச்சி இன்னொன்றிலும் உட்கார்ந்தோம். ஆபீஸ் டெஸ்ட் சர்வரில் எடைமேடை கிடையாது என்பதால் காத்திருப்பு கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இருவரும் ஒரே சமயத்தில் அமுக்கியாக வேண்டும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நான் சொன்னால், மூன்று சொன்ன பிறகு யோசித்துவிட்டு அமுக்குவார் அண்ணாச்சி. திரும்பத் திரும்ப முயன்றோம். ஒவ்வொரு முறையும் பாஸ் சரியாக வந்தது. "பாத்தியா, எங் கோட்ல தப்பே இல்ல" என்றார்.

எங்கள் டெஸ்டர் இன்ஃபன்டா ஆலந்தலைக்காரி, கோயிலில் பாட்டுக் குழுவை நடத்துகிறவள். பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து எங்கள் முன்னால் நின்றாள். "அண்ணாச்சி, ஸ்கிரீனப் பாக்காதீங்க, எங் கையப் பாருங்க. கை எறங்குனா அமுக்கணும். அவ்வளவுதான்." இரு கைகளையும் உயர்த்தி, மூச்சு இழுத்து, இறக்கினாள்.

அண்ணாச்சி பெயரில் வந்த பாஸில் என் சரக்கு இருந்தது. அவர் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தார். மறுபக்கம் வெள்ளையாக இருந்தது, பாவம். அதைக்கூட எடுத்து வைக்கத் தோன்றவில்லை அவருக்கு.

"சரி, மாத்து" என்றார்.

'இப்போதைய சரக்கு' கிளாஸின் தலையில் 'ப்ரோட்டோடைப்' என்று ஒரு சொல்லைப் போட்டேன். கேட்கும்போதெல்லாம் புதிது கொடு என்று அர்த்தம். ஒரே ஒரு வரி. யார்டு சர்வரில் ஏற்றி ரீஸ்டார்ட் செய்துவிட்டு, லாரியோடு யார்டுக்குத் திரும்பியிருந்த காக்காவிடம் "இப்ப அடிங்க" என்றேன். இன்ஃபன்டாவிடம் டெஸ்ட் செய்யச் சொல்லும் பொறுமைகூட இல்லை எனக்கு. என்ன ஒரு தெம்பு!

சிறிது நேரத்தில் போன் வந்தது.

"இப்ப உப்பு."

"என்ன காக்கா?"

"கருப்பட்டிய உப்பாக்கிட்டிய. சம்மந்திக்கும் மெசேஜ் போயிட்டு. 'மொதல்ல எதை அனுப்புதிங்கன்னு முடிவு பண்ணுங்க'ன்னு எம் மருமவனுட்ட சொல்லுதாராம். எம் மவ அழுதுக்கிட்டு இருக்கா."

4. இரு கை சலாம்

ஏன் பலிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ப்ரோட்டோடைப் என்றால் கேட்கும்போதெல்லாம் புதிது வரும். ஆனால் கேட்க வேண்டுமே! அதைக் கையில் வைத்திருப்பது சர்வீஸ். சர்வீஸ் பிறப்பது சர்வர் எழும்பும்போது ஒரே ஒரு முறை. அப்போது ஒன்றைக் கேட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டது. அதற்குப் பிறகு அது கேட்கவே இல்லை. நீண்ட நாள் வாழ்கிறவன் கையில் கொடுத்தால், ஒரு நிமிஷம் வாழ வேண்டியதும் அவன் ஆயுசுக்கு அங்கேயே கிடக்கும். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும், அதாவது ஒவ்வொரு 'சேவ்'வுக்கும், சர்வீஸ் புதிதாகக் கேட்டு வாங்கும்படி எழுத வேண்டும். எழுதிவிடலாம்.

ஆனால் இன்னொரு ரீஸ்டார்ட்டுக்கு யார்டு மேனேஜர் சம்மதிக்கவில்லை. முதல் ரீஸ்டார்ட்டிலேயே வரிசை ரோடு வரைக்கும் போயிருந்தது. "ஆறு மணிக்கு அப்புறம் என்ன வேணாலும் பண்ணுங்க. இப்ப சர்வரத் தொட்டிய, நடக்குததே வேற" என்றார்.

இன்ஃபன்டாதான் கேட்டாள். "ஏங்க்கா, ரெண்டு பேரு சேந்து அமுக்குனாத்தான தப்பு வருது? ஒரு ஆளை அமுக்க விடாம இருந்தா?"

போனை ஸ்பீக்கரில் போட்டுக் காக்காவிடம் சொன்னேன். "உங்க பாஸ் அச்சடிச்சு வார வரைக்கும் ரெண்டாவது கவுண்டர்ல இருக்க தம்பி கீபோர்டுல கை வைக்கக் கூடாது."

"கை வைக்கக் கூடாது, அம்புட்டுத்தானே?"

போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. நடக்கிற சத்தம் கேட்டது. டிரைவரிடம் "நான் சலாம் சொன்னதும் ஒன்னாவது கவுண்டர்ல அமுக்கச் சொல்லுலே" என்றார். பிறகு உரத்த குரலில், "அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி!"

காக்கா சலாம் சொன்னால் இரண்டு கைகளாலும் நம் இரண்டு கைகளையும் பற்றிக்கொள்வார். பெரியவர் நீட்டிய கையை யார்தான் தட்டுவார்கள்?

"வாப்பா சொகமா இருக்காவளா?"

"வாப்பா இல்லீங்க, அப்பா. என் பேரு சேர்மக்கனி."

"அப்பா சொகமா? அம்மா? கூடப் பொறந்தவிய எத்தனை பேரு?"

"பெரியவரே, லாரி நிக்கு. கைய விடுங்க."

"விடுதேன், விடுதேன். அக்காவ எங்கன கட்டிக் குடுத்திருக்கு?"

"சாத்தான்கொளத்துல. கைய விடுங்க!"

"சாத்தான்கொளமா! யாரு வீட்ல?"

நாங்கள் மூவரும் மேஜையைச் சுற்றிப் போன்மேல் குனிந்து நின்றோம். அண்ணாச்சி தன்னையறியாமல் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். தூரத்தில் பிரிண்டர் கரகரத்தது. டிரைவர் கத்தினான்: "காக்கா! கருப்பட்டி! கருப்பட்டின்னே வந்துட்டு!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் காக்கா. சேர்மக்கனியின் கைகளை அப்போதுதான் விட்டார் என்று நினைக்கிறேன். கேட் அடைப்பதற்குள் லாரி உள்ளே போய்விட்டது.

5. ஆளுக்கு ஒன்றா?

அன்று மாலை காக்கா நேராக எங்கள் ஆபீஸுக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று இன்ஃபன்டா சாப்பாட்டு அறைக்குள் போய்விட்டாள். அவரோ உட்கார்ந்து, சம்மந்தி அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார். "மீராசா, பொட்டி உள்ள போயிட்டாம்லா. எம் மவன் இங்கன வாரவன் போறவனுக்கெல்லாம் கருப்பட்டின்னு வந்த மெசேஜக் காட்டிக்கிட்டு நிக்கான். ஒம்ம மவட்ட சொல்லும், அழ வேண்டாம்னு." காக்கா அதை மறுபடியும் போட்டார். கண் கலங்கியதை மறைக்கவில்லை.

பிறகு அண்ணாச்சியைப் பார்த்துத் திரும்பினார். "அப்படி என்னதான்யா கோளாறு?"

அண்ணாச்சி என்மேல் போட்டிருக்கலாம், ஃபிரேம்வொர்க்மேல் போட்டிருக்கலாம். போடவில்லை. "லாரிக்கு லாரி புதுசா ஒண்ணு செஞ்சிருக்கணும் காக்கா. நான் சிக்கனம் பாத்து எல்லா லாரிக்கும் ஒண்ணையே வச்சிட்டேன்."

காக்கா தன் கைலியைத் தொட்டுக் காட்டினார். "அப்ப இம்புட்டு நாளும் ஊருக்கே ஒத்தச் சாரத்தையா உடுத்தி உட்டீரு?"

இன்ஃபன்டாவின் சிரிப்பு உள்ளேயிருந்து கேட்டது. அண்ணாச்சியும் சிரித்துவிட்டார். காக்கா போன பிறகு அண்ணாச்சி என் நாற்காலியை நகர்த்தச் சொல்லி உட்கார்ந்து, சர்வீஸ் 'இப்போதைய சரக்கை' இடுப்பில் செருகியிருந்த வரியைத் தன் கையாலேயே அழித்தார். சர்வீஸ் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதிதாகக் கேட்டு வாங்கும்படி நான் மிச்சத்தை எழுதினேன். இன்ஃபன்டா கையை இறக்க, நாங்கள் அமுக்க, இரண்டு பாஸும் அவரவர் சரக்கோடு வந்தன.

இப்போது எங்கள் ஆபீஸில் யார் புதிய கிளாஸ் எழுதினாலும், ரிவ்யூவில் முதல் கேள்வி அண்ணாச்சியுடையதுதான்: "இது ஆளுக்கு ஒண்ணா, ஊருக்கு ஒண்ணா? யாரு கையில இருக்கு, அவன் எப்பப் போவான்?" பதில் தெரியாதவர்களின் கோட் அன்றைக்கு வெளியே போகாது. அப்படிப் பதில் தெரியாமல் ஒருநாள் நிறுத்தப்பட்டது அண்ணாச்சியின் கோட்தான். நிறுத்தியவரும் அவரே.