மூச்சு வாங்கும் இடங்கள்

பாட வராதவனை எந்தப் பாடகர் குழுவும் சேர்த்துக்கொள்ளாது. ஆனால் அவன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்று தெரிந்துவிட்டால் விடவும் விடாது. காக்ஸ் டவுனில் எங்கள் தேவாலயத்துப் பாடகர் குழுவுக்கும் எனக்கும் அப்படி ஓர் உறவு. என் மனைவி அதில் மேல் குரல் பாடுகிறவள். நான் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒத்திகை முடியும்வரை கடைசி பெஞ்சில் சாய்ந்திருப்பவன். சாயங்கால வெயில் வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கி என் முழங்கால்மேல் கொஞ்சம் சிவப்பாகவும் கொஞ்சம் நீலமாகவும் கிடக்கும். பாதித் தூக்கத்தில் பாட்டு எங்கிருந்தோ வந்து போகும். வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது.

அந்த வருஷ மழைக்காலத்தில் அவளுக்கு நிமோனியா வந்தது. வந்தது போய்விட்டது. ஆனால் போகும்போது மூச்சில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரும், மெதுவாகத்தான் வரும், முழுசாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். எங்கள் வீடு மாடியில். படியின் திருப்பத்தில் அவள் நின்று, கீழ்வீட்டுக்காரர்களின் ரோஜாத் தொட்டிகளை ரசிப்பாள். முன்பெல்லாம் அவள் அந்தத் தொட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

குழுவில் சொல்லிவிடலாமே என்றேன்.

"சொன்னா உடனே ஒரு நாற்காலி போட்டு, நீ உக்காந்து கேளும்மான்னுவாங்க. உக்காந்து கேக்கறதுக்கு நீங்க ஒருத்தர் போதும்" என்றாள்.

கோலார் தங்கவயலில் பாவாடை சட்டை போட்ட நாளிலிருந்து, கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி ஆராதனையில் அவள் வரிசையில் நிற்காத வருஷம் கிடையாது. இப்போது டீச்சராகப் பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்தாலும் ஒத்திகைக்குப் போவாள். அந்த வரிசையில் அவளுக்கு இருந்த இடம் போய்விடக் கூடாது. எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் இருந்த கவலை இது ஒன்றுதான், அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை.

குழுவை நடத்துகிற மாஸ்டர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒரு நாள் கடைசி பெஞ்சுக்கே வந்துவிட்டார்.

"பிரதர், தூங்கறீங்களா? ஒரு உதவி. நம்ம பாட்டெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்தே தெரியல. வாட்ஸ்அப்ல போட்டா விரலால பெருசு பண்ணி பண்ணி பாட்டு முடிஞ்சிடுது. ஃபோன்ல ஒழுங்கா தெரியிற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுங்களேன். கிறிஸ்துமஸுக்குள்ள ஆகுமா?"

ஆகும் என்றேன். தூங்கிக்கொண்டிருந்தவன் வேறென்ன சொல்வான்?

ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பாட்டையும் வெறும் எழுத்தாக ஒரு கோப்பில் தட்டி வைத்துவிட்டு ஒரு கட்டளை கொடுத்தால், அதுவே எல்லாவற்றையும் இணையப் பக்கங்களாகச் செய்து கையில் கொடுத்துவிடும். பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை முடிவு செய்வது அதற்கு மாட்டுகிற தீம். எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒரு புண்ணியவான் சமையல் குறிப்புகளுக்காகச் செய்து இலவசமாக விட்டிருந்த தீம் ஒன்று எனக்குப் பிடித்துப்போனது. அதை இறக்கி, அதற்கான ஃபோல்டரில் வைத்து, அமைப்புக் கோப்பில் அதன் பெயரை ஒரு வரி எழுதினேன். முதல் பக்கத்தில் ஒரு கிண்ணம் ஆரஞ்சு நிற சூப்பும், அதன் கீழே எங்கள் கீர்த்தனையும் வந்தன. பாட்டின் தலைப்புக்குப் பக்கத்தில் "வாசிக்க ஒரு நிமிடம்" என்று அதுவாகவே கணக்குப் போட்டுச் சொன்னது. எங்கள் மாஸ்டர் அந்தப் பாட்டை இழுக்கிற இழுப்பு அதற்கு என்ன தெரியும்?

சனிக்கிழமை காலைகளில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதைச் சரிசெய்வேன். தீமின் சொந்தக் கோப்புகளில் கைவைக்கக் கூடாது. எது பிடிக்கவில்லையோ அதே பெயரில் நம்முடையதாக ஒரு கோப்பை நம் பக்கம் வைத்தால், ஜெனரேட்டர் நம்முடையதை முதலில் எடுத்துக்கொள்ளும். வாடகை வீட்டில் ஆணி அடிக்காமல் நம் திரைச்சீலையைத் தொங்கவிடுவது மாதிரி. அப்படித்தான் சூப்பை எடுத்தேன். நிமிடக் கணக்கையும் எடுத்தேன். 'கீ', 'தீ' எல்லாம் மேல்சுழி வெட்டுப்பட்டு நின்றன, வரிகளுக்கு நடுவே இடம் கூட்டினேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண் கூசக் கூடாதென்று கறுப்புப் பின்னணியும் வைத்தேன்.

வேலை முடிந்த பிறகும் எழுந்திருக்க மாட்டேன். பிரவுசர் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகக் குறுக்குவேன். பேருந்து சீட்டில் இன்னொருவர் வந்தால் நகர்ந்து கொடுக்கிறவர்களைப்போலச் சொற்கள் ஒன்றையொன்று பார்த்து ஒதுங்கி, கடைசியில் இருப்பது கீழ்வரிக்கு இறங்கும். விரித்தால் மறுபடி மேலே ஏறிக்கொள்ளும். திரைக்குத் தக்கபடி வளைந்துகொடுப்பதுதான் அந்தத் தீமின் பெருமை. ஜன்னலுக்கு வெளியே டிசம்பர் பனி இன்னும் விலகாமல் இருக்கும், உள்ளே அவள் மெதுவாக மேல் குரலை முனகிக்கொண்டிருப்பாள். நான் அந்த வரிகளை விரித்தும் சுருக்கியும் காபியை ஆறவிடுவேன்.

"பாட்டுக்கு ஆர்மோனியம் போடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

எல்லோரும் கையில் அலைபேசியோடு நின்ற முதல் ஒத்திகை எனக்கு இன்னும் கனவு போலத்தான் நினைவிருக்கிறது. வழக்கம்போல வெயில் முழங்கால்மேல் கிடந்தது, வழக்கம்போலக் கண் செருகியது. ஆனால் பாட்டு வழக்கம்போல இல்லை. அது எந்த இடத்திலும் நிற்கவில்லை. ஒரு வரி எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. நான் தூங்கிவிட்டேன், தூக்கத்தில்தான் இப்படிக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவள் வீட்டில் கேட்டுப் பழகுவதற்காக ஒவ்வொரு ஒத்திகையிலும் அலைபேசியில் பதிவை ஓடவிடுவேன், அன்றும் ஓடவிட்டு அதை மறந்துபோனேன்.

ஒத்திகை முடிந்ததும் கீழ்க் குரல் பாடுகிற இளைஞர் ஒருவர் வந்து, "என்ன குரு இது, என் ஃபோன்ல வரி பாதியில மடங்குது. அங்கயே மூச்சு வாங்கிடறேன்" என்றார். இன்னொருவருக்கு வேறு இடத்தில் மடங்கியது. ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு எழுத்தளவு, ஆளுக்கொரு இடத்தில் மூச்சு. மாஸ்டருக்கு இது போதாதா? அவருடைய தொழிற்சாலையில் சங்கு ஊதினால் எல்லோரும் ஒன்றாக எழுந்து ஒன்றாக உட்கார வேண்டும்.

"பிரதர், எல்லாரும் ஒரே எடத்துல மூச்சு வாங்கணும். அதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

இருந்தது. எனக்கும் ஒழுங்கு என்றால் உயிர். மடங்கி இறங்குகிற வரி கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும்படி தீமில் இரண்டு வரிகள் சேர்த்தேன். உள்ளே தள்ளி இருந்தால் மூச்சு வாங்கக் கூடாது, ஓரத்தில் தொடங்கினால் வாங்கலாம். பார்க்கவும் அழகாக இருந்தது. அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஒத்திகையில் வரிகள் சீராக வந்தன. வரிகளுக்கு நடுவே சின்னச் சின்ன மௌனங்கள் வந்தன. மாஸ்டர் தலையாட்டினார், பிறகு காதைச் சாய்த்தார்.

"மேல் குரல்ல யாரோ நடுவுல வெட்டறாங்க" என்றார். "மேல் குரல் மட்டும் பாடுங்க."

மேல் குரலில் மூன்றே பெண்கள். அந்தக் கீர்த்தனையின் சரணத்தில் ஒரு நீண்ட வரி இருக்கிறது, மூச்சை முழுசாகக் கேட்கிற வரி. மற்ற இருவரும் பாடிக்கொண்டு போனார்கள். அவள் விடக் கூடாது என்று பிடித்துக்கொண்டு போனாள். கடைசிப் பெஞ்சிலிருந்து அவளுடைய கழுத்து நரம்பு எனக்குத் தெரிந்தது. வரி முடிய இரண்டு சொல் இருக்கும்போது குரல் அறுந்து இருமல் வந்தது. இருமல் நிற்கவில்லை.

மாஸ்டர் நல்ல மனுஷர். பதறிப்போய் அவரே ஓடிப்போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"உக்காருங்க சிஸ்டர். நீங்க உக்காந்து கேளுங்க, போதும்."

அவள் உட்கார்ந்தாள். எனக்கு அந்த நாற்காலியை எடுத்து வெளியே வீச வேண்டும்போல இருந்தது.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மாடிப்படித் திருப்பத்தில் நின்றபோது அவள் ரோஜாத் தொட்டிகளைக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில், இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"கிறிஸ்துமஸுக்கு கடைசி பெஞ்சுல பக்கத்துல எடம் வெய்யுங்க. ரெண்டு பேருமா உக்காந்து கேக்கலாம்."

நான் அழுதிருப்பேன். வாயில் இட்லி இருந்தது.

"முன்னாடி எப்படிச் சமாளிச்ச?" என்றேன்.

"அதான் எனக்கே தெரியல. முதல் வாரம் ஃபோன்ல பாத்து பாடினப்ப ஒண்ணுமே கஷ்டமா இல்ல. சரியாயிடுச்சுன்னே நெனச்சேன்."

அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் அவளுடைய அலைபேசியை வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி போடச் சோம்பல்பட்டு எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். சின்னத் திரையில் அந்த நீண்ட வரி இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு தரம் மடங்கி, படிக்கட்டுபோல இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படியிலும் அவள் மூச்சு வாங்கியிருக்கிறாள். எல்லோரும் வேறு வேறு இடத்தில் வாங்கியதால் யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்கே தெரியவில்லை. ஒழுங்கு பண்ணுகிறேன் என்று அந்தப் படிகளையெல்லாம் உள்ளே தள்ளி, இங்கே நிற்காதே என்று சொன்னவன் நான்தான்.

அந்த இரண்டு வரிகளை உடனே அழித்துவிடலாம். ஆனால் மாஸ்டர் மறுபடி கேட்பார், காரணத்தைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நிமோனியா சமாச்சாரத்தைச் சொன்னால் என் கதி அதோகதி. அப்போதுதான் மறந்துபோன பதிவுகள் ஞாபகம் வந்தன. அன்று சாயங்காலமே பீன்யாவுக்கு மெட்ரோ ஏறிப் போய், தொழிற்சாலை வாசலில் டீக்கடை பெஞ்சில் மாஸ்டரை உட்கார வைத்து, காதில் இயர்ஃபோனை மாட்டி, முதல் ஒத்திகையையும் அடுத்ததையும் மாற்றி மாற்றிப் போட்டேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டீ ஆறியது. சுற்றி லாரிகள் போய்க்கொண்டிருந்தன, அவர் முகம் வேறெங்கோ இருந்தது.

"ரெண்டாவதுல நடுவுல நடுவுல தெருவுல போற பஸ் ஹார்ன் கேக்குது பிரதர்" என்றார். "முதல்ல இருக்கறதுல கேக்கவே இல்ல. அன்னிக்கு பஸ்ஸே போகலையா?"

"அன்னிக்கும் போச்சு, மாஸ்டர். நீங்க யாரும் அதுக்கு எடம் குடுக்கல."

இன்னொரு தரம் போடச் சொன்னார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெயில்தான் காரணம் என்பதுபோல நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"பழையபடியே மாத்திடுங்க. அவங்கவங்க ஃபோன் எங்க மடங்குதோ அங்கயே வாங்கட்டும். பக்கத்துல இருக்கறவங்க வாங்கும்போது மட்டும் நாம வாங்கக் கூடாது. அவ்வளவுதான் ரூல்." கொஞ்சம் தயங்கினார். "சிஸ்டரை வரச் சொல்லுங்க. நாற்காலிய நான் உள்ள வெச்சிட்டேன்."

அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று நான் கேட்கவில்லை. இப்போதும் தெரியாது.

மெழுகுவர்த்தி ஆராதனையன்று விளக்குகளை அணைத்தார்கள். பாடுகிறவர்களின் முகங்கள் பாதி மெழுகுவர்த்தியிலும் பாதி என் கறுப்புப் பக்கத்தின் வெளிச்சத்திலும் மிதந்தன. கடைசி பெஞ்சில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக ஒரு காலி இடத்தின் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. அந்த நீண்ட வரி வந்தபோது, அவள் எங்கே மூச்சு வாங்குகிறாள் என்று கண்டுபிடித்தே தீருவது என்று காதைத் தீட்டினேன். உதட்டைப் பார்த்தேன், தோளைப் பார்த்தேன். தெரிந்தது ஒன்றுமில்லை. பாட்டு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, வழியில் எங்கோ நானும் அதில் தூங்குவதுபோல அமிழ்ந்துவிட்டேன்.

வீடு திரும்பி மாடிப்படி ஏறும்போது அவள் உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தாள். "மாஸ்டர் இருக்காரே, கடைசி சரணத்துல என்ன பண்ணாரு தெரியுமா, கையத் தூக்கி" என்று ஆரம்பித்தவள், திருப்பத்தில் நின்றுவிட்டாள். மீதி வார்த்தைக்கு மூச்சு இல்லை. கை கைப்பிடியைப் பிடித்திருந்தது.

நான் வழக்கமாகப் பேசாமல் காத்திருப்பவன். அன்று, "கையத் தூக்கினவரு இறக்கவே மறந்துட்டாரு, மெழுகு அவர் சட்டைக் கையில சொட்டுது, அவருக்குத் தெரியல, எனக்குக் கடைசி பெஞ்சுலேருந்து தெரியுது" என்று நான் பாட்டுக்குத் தொடர்ந்தேன். அவள் ரோஜாத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நான் நிறுத்தாமல் இல்லாததையும் பொல்லாததையும் சேர்த்துப் பேசிக்கொண்டே இருந்தேன்.

"அப்புறம் முன்வரிசை அம்மா கைக்குட்டைய நீட்டினாங்க" என்று அவள் என் பேச்சுக்குள் நுழைந்துகொண்டாள். நான் நிறுத்திக்கொண்டேன். மீதிப் படிகளை ஏறினோம்.