ஊசி பட்ட இடம்

"ஓடாதடா, நில்லு. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று ஸ்கேன் திரையைப் பார்த்துக் கெஞ்சுகிறார் டாக்டரம்மா. தன்னைத்தான் சொல்கிறார் என்று பயந்து, படுத்திருப்பவர் கல்லாய்க் கிடக்கிறார். கெஞ்சல் வயிற்றுக் கட்டியிடம். மூச்சை இழுத்தால் அது கீழே இறங்கும், விட்டால் மேலே ஏறும். நடுவே குடல் வாயு வந்து திரையை மறைத்தால் வசவு: "வந்துட்டியா, கரெக்டா வந்துட்டியா!" கட்டி மறுபடி தெரிந்ததும், "மூச்சைப் பிடிங்க." உள்ளே போன ஊசி 'டக்'கென்று ஒரு சத்தம் போட்டு, சோதனைக்கு வேண்டிய, நூலிழை போன்ற சதைத் துணுக்கோடு வெளியே வந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் அவர் 'ஊசி டாக்டர்'. வீட்டில் 'அநேகமா'. எதையும் அடித்துச் சொல்லாத வாய். உப்பு சரியா என்று கணவர் கேட்டால், "நான் எடுத்த கரண்டியில சரியா இருக்கு. பாத்திரத்தோட அந்தப் பக்கம் எப்படியோ" என்பார். மாப்பிள்ளையை, "பார்த்த வரைக்கும் நல்ல பையன்" என்று சொன்னது மகளுக்கு இன்னும் ஆறவில்லை.

பள்ளிக்கூட வண்டி ஓட்டும் டிரைவர் ஒருவர், 'புற்று இல்லை' என்று முடிவு வந்த சந்தோஷத்தில், மனைவியோடும் இனிப்புப் பெட்டியோடும் வந்து நின்றார். டாக்டரம்மா பெட்டியைத் தொடவில்லை.

"இன்னொரு தடவை குத்தணும்."

"அதான் இல்லன்னு வந்துடுச்சே!"

"இருக்குன்னு வந்தா நம்பிடலாம். இல்லன்னு வந்தா, ஊசி பட்ட இடத்துல இல்ல, அவ்வளவுதான். கட்டிக்கு நடுவுல செத்த சதை. நான் அதைப் போய் எடுத்திருக்கேன். ஸ்கேனைப் பார்த்தா மனசு ஒப்பல."

"நல்ல சேதி வந்தாக்கூட உங்களுக்குப் பொறுக்காதா?" என்று வெடித்தார் டிரைவர்.

மனைவி இனிப்புப் பெட்டியை மூடினாள். "பேசாம படுங்க. சந்தேகத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சோறு போட என்னால முடியாது."

இம்முறை கட்டியின் ஓரத்தில் குத்தினார். புற்றுதான். ஆனால் கத்தி வைக்காமல் மருந்துக்கே கரைகிற வகை.

மருந்தெல்லாம் முடிந்து, தலைமுடி மறுபடி அரும்பிய பிறகு டிரைவர் வந்து படுத்தார். திரையில் கட்டி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. டாக்டரம்மா துடைத்துக்கொள்ளக் காகிதத்தை நீட்டினார்.

"சுத்தமா போயிடுச்சுல்ல, டாக்டரம்மா?" என்று கேட்டபடி, வயிற்றை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழப் போனார் டிரைவர்.

டாக்டரம்மா ஜெல் புட்டியை எடுத்து, துடைத்த வயிற்றின் மேல் மறுபடி கவிழ்த்தார்.